ஐந்தாம் கியர் படம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர வருகிறவர்கள், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே தயங்குவார்கள். உள்ளே ஏழெட்டுப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள்.

"மூணுக்கு மேல ஒரு இம்மிகூடத் தர மாட்டேன்!"

"அப்பா செத்துப்போற சீன்ல நீங்க அழல?"

"அழுதேன். அது என் சொந்தக் கவலை. படத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

சத்தத்துக்கு நடுவே, கையில் பேனாவோடு ஒரு வெள்ளைப் பலகையின் முன்னால் நிற்பவர்தான் கியர் அக்கா. வயது நாற்பத்தேழு. பதின்மூன்று ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். பலகையில் சாலை விதிகளை எழுதிப் போட வேண்டும்; ஒரு மூலையில் எழுதியும் இருக்கிறது. மீதி இடமெல்லாம், அந்த வாரம் யார் யார் என்ன சினிமா பார்த்தார்கள், எத்தனை மதிப்பெண் கொடுத்தார்கள் என்கிற பட்டியல்.

மதிப்பெண் கியரில்தான். முதல் கியர் என்றால் சத்தம் அதிகம், நகர்வு குறைவு. இரண்டு என்றால் வீட்டில் வேறு வேலை இல்லாதபோது பார்க்கலாம். மூன்று, ஒரு தடவை போய் வரலாம். நான்கு, தெரிந்தவர்களுக்குச் சொல்லலாம். ஐந்து என்றால், படம் முடிந்து வெளியே வந்ததும் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துபோயிருக்க வேண்டும். பாதியில் எழுந்து வந்த படத்துக்கு ரிவர்ஸ். பார்த்து முடித்தும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் நியூட்ரல். அக்காவின் வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாக ஒரு குறி உண்டு: ஹேண்ட் பிரேக். பள்ளிக்குப் பின்னாலேயே மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அவர் எந்தப் படத்துக்குப் போனாலும் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். கேட்டால், "அருமையான படம், ஒரு தடவைகூட முழிப்பு வரல" என்பார்.

இந்தப் பலகையால் அதிகம் சிரமப்படுகிறவர் டியூஷன் நடத்தும் கணக்கு வாத்தியார். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகியும் திங்கட்கிழமை தவறாமல் வந்துவிடுகிறார். அவருக்கு எதையும் முழு எண்ணில் சொல்லத் தெரியாது.

"மூணே முக்கால் போடுங்கம்மா."

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல குச்சியை நிறுத்தினா கியர் பாக்ஸ் கத்தும் சார். எதாவது ஒண்ணுல போடுங்க."

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மனசாட்சிக்கு கிளட்ச் இருக்கு. மிதிச்சிட்டு மாத்துங்க."

அக்காவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் ஒரு சினிமா தியேட்டரின் டிக்கெட் கவுண்டர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் அங்கே வேலை. டிக்கெட் கொடுத்து முடித்ததும் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்று பார்க்கலாம்; முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் படம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது கவுண்டருக்குத் திரும்பிவிட வேண்டும், அடுத்த காட்சிக்குக் கூட்டம் வந்துவிடும். ஆகவே பதினோரு வருடத்தில் அவர் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றின் கிளைமாக்ஸைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. முக்கால் படம் பார்த்து, கால் படம் ஏங்கி வளர்ந்த மனுஷி.

என்ன செய்வார்? வெளியே வருகிறவர்களைப் பிடிப்பார். கவுண்டரின் அரைவட்ட ஓட்டை வழியாகக் குரல் கொடுப்பார்: "அண்ணே, அந்தப் பொண்ணு கடைசியில யாரைக் கட்டிக்கிச்சு?" ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறொன்று சொல்வார். ஒரே படத்திலிருந்து வெளியே வந்த இருவர், அண்ணன் தம்பியைச் சுட்டானா, தம்பி தானாக விழுந்தானா என்று கவுண்டர் முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. படத்தைவிடப் படம் பார்த்தவர்கள் ருசியானவர்கள் என்பது அக்காவுக்கு அங்கேதான் தெரிந்தது.

தியேட்டரை இடித்து மெத்தைக் கடை கட்டியபோது அவருக்கு வேலை போயிற்று. அப்போதுதான் கொழுந்தனார் இந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பெண்களுக்குக் கற்றுத்தர ஒரு பெண் வேண்டும் என்று அண்ணியைக் கேட்டார். அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. வீட்டுக்காரர்தான் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்று சொல்வது மரியாதைக்காக. முதல் நாள் பயத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அக்கா, பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று முந்தின வாரம் பார்த்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது பாட்டு வருவதற்குள் பக்கத்தில் குறட்டை. அக்கா கதையை நிறுத்தவும் இல்லை, வண்டியை நிறுத்தவும் இல்லை. கதை முடிந்தபோது ஊரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் வந்திருந்தார்.

அன்று கண்டுபிடித்ததுதான் இன்றுவரை அவருடைய பாடமுறை. வாய் கதை சொல்லும்போது கை தானாக வேலை செய்கிறது. பயப்படுவதற்கு மனசுக்கு நேரம் இருப்பதில்லை. ஆகவே அவரிடம் சேருகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு படம் பார்த்துவிட்டு வர வேண்டும். அதை ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். அக்கா தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். கிளைமாக்ஸ் வரும்போது வண்டி எங்கே இருந்தாலும் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிடுவார். அதை மட்டும் நிம்மதியாகக் கேட்க வேண்டும்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவரிடம் வந்து சேர்ந்தவர் ஒரு நர்ஸ். முப்பத்தெட்டு வயது, பதினாறு வருட ஆஸ்பத்திரி அனுபவம். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். வேறு ஒரு பள்ளியில் படித்து இரண்டு முறை டெஸ்டில் தோற்றுவிட்டு வந்திருந்தார்.

"வார்டுல அழுற குழந்தைக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஊசி போட்டுருவேன் அக்கா. இந்த மேட்டுல வண்டி நின்னா மட்டும் கை உதறுது."

"கண்ணை மூடிக்கிட்டா ஊசி போடுவீங்க?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"இங்க பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர். பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்."

சிஸ்டருக்கு லைசென்ஸ் வெறும் ஆசைக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பிரிவு தொடங்குகிறார்கள். வீடு திரும்பிய நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ் வேலை. கார் ஆஸ்பத்திரி தரும். ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். சிஸ்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அந்த வேலை மேல அப்படி என்ன ஆசை?" என்று அக்கா கேட்டார்.

"வார்டுல எல்லாரையும் பாதிதான் பாக்குறோம். வருவாங்க, முனகுவாங்க, நம்மளத் திட்டுவாங்க, கொஞ்சம் தேறினதும் டிஸ்சார்ஜ். அப்புறம் என்ன ஆனாங்கன்னே தெரியாது. ஏழாம் நம்பர் பெட்டுல ஒரு பெரியவர் இருந்தாரு. இடுப்பு ஆபரேஷன். நடங்கன்னா நடக்க மாட்டேன்னு ஒரே அடம். நாற்காலியிலேயே வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. வீட்டுல நடந்தாரா இல்லையா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

பதினோரு வருடம் கவுண்டரில் உட்கார்ந்த அக்காவுக்கு அந்தப் பசி நன்றாகத் தெரியும்.

"உங்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுக்காம விட மாட்டேன்" என்றார். அன்றே படம் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

சிஸ்டரிடம் கதை சொல்லும் திறமை அபாரமாக இருந்தது. முதல் வாரம் அவர் சொன்னது ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. இருவரும் ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டை விற்க வேண்டிய நிலை. கறுப்புக் கோட்டுப் போட்ட தரகர்கள் இரண்டு பேர் எழுந்து எழுந்து விலை பேசுகிறார்கள். உயரமான நாற்காலியில் ஏலம் நடத்துபவர். மனைவி அழுகிறாள், கணவன் தலைகுனிகிறான். கடைசியில் வீட்டை விற்காமல் இருவரும் கைகோத்து வெளியே வருகிறார்கள். சொல்லிக்கொண்டே சிஸ்டர் சந்தை நெரிசலில் புகுந்து, பேருந்துக்கு வழி விட்டு, மேட்டில் நின்று மறுபடி கிளப்பி, ஒரு தடவைகூட இஞ்சினை அணைக்காமல் வந்துவிட்டார். ஓரமாக நிறுத்திக் கிளைமாக்ஸ் கேட்ட அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை பலகையில் பெரிதாக ஐந்து போட்டார்.

கணக்கு வாத்தியார் எழுந்துவிட்டார். "எது, அந்தப் படமா? நானும் பாத்தேனே! அது விவாகரத்து கேஸும்மா! அவங்க வக்கீலு. உக்காந்திருக்கிறவர் ஜட்ஜு. வீடே கிடையாது படத்துல!"

"வீடு விக்கிற தகராறு இல்லையா?" என்றார் சிஸ்டர், முகம் வாடி.

"இல்லவே இல்ல. கடைசியில கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சு போறாங்க. கைகோத்து வரலை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கிறா!"

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சிஸ்டருக்கு சினிமா பார்க்க நேரம் கிடைப்பது வார்டில் மட்டும்தான், மதிய ஓய்வு வேளையில். அங்கே சுவரில் டி.வி. உண்டு. நோயாளிகள் தூங்க வேண்டும் என்பதால் சத்தம் வைக்கக் கூடாது. பதினாறு வருடமாக அவர் எல்லாப் படத்தையும் ஊமையாகவே பார்த்துவந்திருக்கிறார். வசனம் முழுக்க அவருடையது.

அறையில் சிரிப்பு வெடித்தது. பின்பக்க ஷெட்டிலிருந்து வீட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சிஸ்டரும் சிரித்துத் தீர்த்தார். வாத்தியார் மட்டும் யோசனையாக நின்றார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "இந்த அம்மா சொன்ன கதையில நியாயம் இருக்கு. படத்துக்கு ரெண்டு. இவங்க கதைக்கு..." சற்றுத் தயங்கி, "அஞ்சு. முழுசா அஞ்சு" என்றார்.

அன்றிலிருந்து பலகையில் 'சிஸ்டர் கதை' என்று தனியாக ஒரு வரிசை வந்தது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய தேர்வாளர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்ததும் சிக்கல் தொடங்கியது. பழையவர் தானே பேசுவார். பேரப்பிள்ளை பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டே டெஸ்ட் எடுப்பார். புதியவர் வண்டியில் ஏறியதும் சொல்வது இரண்டே வார்த்தை: "பேச்சு வேண்டாம்." அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம்தான். ஒரே வாரத்தில் அவருக்குச் சைலன்சர் சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

சிஸ்டரின் மூன்றாவது டெஸ்ட் அவரிடம். வாயைத் திறந்தால்தான் கை ஓடும் ஆளிடம் 'பேச்சு வேண்டாம்' என்றால் என்ன ஆகும்? மேட்டில் ஏறிப் பாதியில் நின்றது வண்டி. இஞ்சின் அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை வண்டி பின்னாலேயே உருண்டு வந்து நிற்க, தேர்வாளர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பள்ளிக்குத் திரும்பியதும் கொழுந்தனார் பலகையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இது டிரைவிங் ஸ்கூலா, டூரிங் டாக்கீஸா?"

"நம்ம ஸ்கூல்ல இதுவரைக்கும் எத்தனை பேர் பாஸ் பண்ணிருக்காங்க தம்பி?"

"அது பேசவிடுற சார் இருந்தப்ப. இப்ப வந்திருக்கிறவர் சிரிக்கிறதுக்கே மனு எழுதித் தரச் சொல்றவர். சிஸ்டருக்குக் கடைசித் தேதி இன்னும் பதினாறு நாள். படக்கதை எல்லாம் மூட்டை கட்டிட்டு, வாயை மூடி ஓட்டக் கத்துக்கொடுங்க."

கொழுந்தனார் சொன்னதில் தவறில்லை என்பதுதான் அக்காவுக்குக் குத்தியது. நீந்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, மிதவையைக் கழற்றாமலே ஆற்றுக்கு அனுப்பியிருக்கிறார். தவறு தன்னுடையது. மறுநாளே வாயில் விரலை வைத்துக்கொண்டு பாடம் தொடங்கினார். மூன்று நாள் ஓடியது. மூன்று நாளும் மேட்டில் இஞ்சின் அணைந்தது. சிஸ்டரின் முழங்கை மரக்கட்டைபோல விறைத்திருந்தது.

"விட்டுருவோம் அக்கா. அடுத்த ஆளாவது போகட்டும்" என்றார் சிஸ்டர்.

ஓரமாக நிறுத்திய வண்டியிலிருந்து அக்கா எதிரே பார்த்தார். மெத்தைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கவில்லை. யாரோ யாரையோ துரத்தினார்கள்.

"சிஸ்டர், அங்க என்ன நடக்குது?"

"அதுவா? அவன் இவனுக்குத் தர வேண்டிய கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க ஓடுறான். இவன் வாங்க மாட்டேங்கிறான். பழைய காதலிக்குக் கல்யாணமாம்."

"கையில கத்தி வச்சிருக்கான் சிஸ்டர்."

"அது கத்தியா? தூரத்துல பத்திரிகை மாதிரி தெரிஞ்சுது."

அக்கா கையை நீட்டி ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினார். ஹாரன் அலறியது. "ஏங்க, வாயே திறக்காத படத்துக்கு நீங்க மனசுக்குள்ளயே வசனம் எழுதுற ஆளு! உங்களுக்கு எதுக்கு வாய்? கதையை உள்ள ஓட்டுங்க. சத்தத்தை மட்டும் நிறுத்துங்க. வார்டு டி.வி. மாதிரி."

அப்படியே பழகினார்கள். சிஸ்டர் உதட்டை மூடிக்கொண்டு உள்ளுக்குள் கதை ஓட்டுவார். முதல் நாள் மேட்டில் ஒரு தடவை அணைந்தது. நாலாம் நாள் அணையவில்லை. ஏழாம் நாள், பால் வண்டிக்குப் பின்னால் மேட்டில் நின்று, பூனைபோல நகர்ந்து ஏறினார்.

இதில் கொடுமை அனுபவித்தவர் அக்காதான். பக்கத்தில் ஒரு முழுப் படம் ஓடுகிறது, அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வளைவில் சிஸ்டர் புன்னகைப்பார். ஒரு சிக்னலில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"என்ன ஆச்சு? யாரு செத்தா?" என்பார் அக்கா, தாங்க முடியாமல்.

சிஸ்டர் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார்.

"கத்துக்கொடுத்தது நான்தான், அதுக்காக இப்படியா?" என்று அக்கா வீட்டில் புலம்பினார். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் நாள் வந்தது. கடைசித் தேதிக்கு நாலு நாள் பாக்கி. கம்பிவேலிக்கு வெளியே அக்காவும் கொழுந்தனாரும். வகுப்பு விடுமுறையைச் சாக்கிட்டு வாத்தியாரும் வந்திருந்தார். சிஸ்டர் சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடியைச் சரிசெய்தார். சைலன்சர் சார் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். அவர் உதடு இரண்டு வார்த்தைக்கு அசைந்தது வேலிக்கு வெளியேயும் தெரிந்தது.

வண்டி கிளம்பியது. நேராக மேட்டுக்கு. பாதி மேட்டில் நிறுத்திக் காட்ட வேண்டும், நிறுத்தினார். மறுபடி எடுக்க வேண்டும். அக்கா வேலிக் கம்பியைக் கிளட்ச்போல மிதித்தார். வண்டி நகர்ந்தது, ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது.

"அண்ணி! ஏறிட்டாங்க!"

"கத்தாதீங்க தம்பி, கண் பட்டுரும்."

தெருக்களைச் சுற்றிவிட்டு வண்டி மைதானத்துக்குத் திரும்பியது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து, ஒரே தடவையில் நின்றது. வாத்தியார் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் யாரும் இறங்கவில்லை. உள்ளே தேர்வாளர் எதையோ கேட்டார். சிஸ்டர் எதையோ சொன்னார். தேர்வாளர் கையைச் சுழற்றிக் காட்டினார். வண்டி மறுபடி கிளம்பி, மறுபடி மேட்டில் ஏறி, மறுபடி தெருவுக்குள் போய் மறைந்தது.

"என்ன இது?" கொழுந்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்தனை வருஷத்துல ரெண்டாவது சுற்று யாருக்கும் கொடுத்ததில்லையே. எதையோ தப்பாப் பண்ணிருக்காங்க. சந்தேகம் வந்துதான் மறுபடி ஓட்டச் சொல்றார்."

வாத்தியார் தட்டிய கையை மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டார். பன்னிரண்டு நிமிடம் கழித்து வண்டி திரும்பியது. இறங்கிய சிஸ்டர் நடந்து வரவில்லை. ஓடி வந்தார், கையில் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு.

"பாஸ் அக்கா! பாஸு!"

கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்து, வாத்தியார் எல்லார் கையையும் ஒருமுறை குலுக்கி முடித்த பிறகுதான் கேட்க முடிந்தது. "எதுக்குங்க ரெண்டாவது சுற்று?"

சிஸ்டருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "முந்தாநாள் வார்டுல பாத்த படத்தைத்தான் உள்ள ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு பழைய பெரிய வீடு. மாமியாரு, மருமக. எல்லாருக்கும் பாட்டுப் பைத்தியம். ஆனா ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் மாடி அறையில போய்ப் பாடிப் பழகுறாங்க. விளக்கைத் தூக்கிக்கிட்டு மாமியார் படி ஏறுறாங்க. சரியா அந்த இடத்துல நான் மேட்டுல ஏறுறேன். அவங்க ஒரு படி, நான் ஒரு அடி. கதவைத் திறந்தா உள்ள மருமக பாடிக்கிட்டு இருக்கா, வாயை இவ்வளவு பெருசாத் திறந்து! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சத்தமாச் சிரிச்சிட்டேன்."

"ஐயையோ."

"அவரு முறைச்சாரு. 'என்ன சிரிப்பு?'ன்னாரு. பயத்துல உண்மையைச் சொல்லிட்டேன். 'மாமியார் கதவைத் திறந்துட்டாங்க சார்'னு. 'எந்த மாமியார்?'னாரு. சொன்னேன். 'ரோட்டைப் பாத்து ஓட்டுங்க'ன்னாரு. ஓட்டினேன். நாலாவது தெரு திரும்புறப்ப மெதுவா, 'மருமக என்ன சொன்னா?'ன்னாரு."

வாத்தியார் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியை நிறுத்தினப்ப பாதிக் கதைதான் ஆகியிருந்துச்சு. தாளை எடுத்தாரு, பேனாவை எடுத்தாரு, மூடிட்டாரு. 'இன்னொரு சுற்று போங்க'ன்னாரு. கடைசியில மாமியாரும் மருமகளும் ஒண்ணா நின்னு பாடுறாங்கன்னு நான் சொன்னதும் கையெழுத்துப் போட்டாரு. இறங்குறப்ப, 'எங்க வீட்டுலயும் மாமியார் இருக்காங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

திரும்பும்போது சிஸ்டர்தான் ஓட்டினார். பின் சீட்டிலிருந்து கொழுந்தனார் மெல்ல, "அண்ணி, அந்தப் பலகை கொஞ்சம் சின்னதா இருக்கு. பெருசா ஒண்ணு வாங்கிருவோமா?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல ரகளை உச்சத்தில் இருந்தபோது, வாசலில் ஒரு நிழல் விழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு அப்படியே நின்றது. சைலன்சர் சார்.

"அந்த நர்ஸ் அம்மா இருக்காங்களா?" என்றார்.

"இன்னைக்குத்தான் புது வேலையில சேர்ந்திருக்காங்க சார். வர்ற வழியில எட்டிப் பாக்குறேன்னாங்க. உக்காருங்க. என்ன விஷயம்?" என்றார் அக்கா.

அவர் உட்காரவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தை மறுபடி போட்டான். பாட்டுப் படம், குடும்பப் படம், மாமியார் பெருமையைச் சொல்ற படம்னு சொல்லி எங்க மாமியாரைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். கல்யாணமாகி இருபது வருஷத்துல நானா அவங்களை டி.வி. பாக்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை."

"அப்புறம்?" அக்கா தன்னையறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"அது பேய்ப்படம்."

வாத்தியார் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வீட்டுல யாரும் பாடலை. அலறுறாங்க. முதல்லேருந்து கடைசி வரைக்கும் அலறுறாங்க. எங்க மாமியார், 'பாட்டு எப்ப வரும் மாப்பிள்ளை'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாடிக் கதவு திறந்ததும் அவங்க போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துட்டாரு. வேணும்னே பயமுறுத்தினேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு நாளா எங்க வீட்டுல யாரும் என்கூடப் பேசல."

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. வாத்தியார் மேஜைமேல் தலையை வைத்துவிட்டார். கொழுந்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சைலன்சர் சார் கொஞ்ச நேரம் விறைப்பாகத்தான் நின்றார். பிறகு அவர் வாயோரம் துடித்தது. பிறகு அவரும் அடக்க முடியாமல் சிரித்தார், பழகாத வண்டியைக் கிளப்பியதுபோல விட்டு விட்டு.

அக்கா பேனாவை நீட்டினார். "எத்தனை கியர் சார்?"

அவர் பலகையின் விளக்கத்தை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். படத்துக்கு எதிரே இரண்டு என்று எழுதினார். 'சிஸ்டர் கதை' என்ற வரிசைக்கு வந்ததும் ஐந்து என்று எழுதி, பழக்கதோஷத்தில் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

அப்போது வாசலில் ஆஸ்பத்திரிக் கார் வந்து நின்றது. உள்ளே ஓடி வந்த சிஸ்டர், நின்றிருந்தவரைக் கண்டு வாசற்படியிலேயே உறைந்துபோனார்.

"சார்... லைசென்ஸைத் திருப்பி வாங்கவா வந்தீங்க?"

"இல்லம்மா. அடுத்த வாரம் என்ன படம் பாக்கப்போறீங்கன்னு கேக்க வந்தேன். மாமியாரைச் சமாதானப்படுத்தணும். இந்தத் தடவை படத்தை நான் பாக்க மாட்டேன். நீங்க வந்து கதையை மட்டும் சொன்னாப் போதும்."

சிஸ்டருக்கு உயிர் வந்தது. உடனே அக்கா பக்கம் திரும்பினார். "அக்கா, ஏழாம் நம்பர் பெரியவர் வீட்டுக்குத்தான் முதல்ல போனேன்!"

பேனா அக்காவின் கையில் அப்படியே நின்றது. "இருங்க, இருங்க. எல்லாரும் உக்காருங்க. கிளைமாக்ஸ். ம், சொல்லுங்க. நடந்தாரா?"

"வாசல் வரைக்கும் நடந்தாரு. கம்புகூட இல்லாம. என் வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தாரு. நான் அழுதுக்கிட்டு நிக்கிறேன், திரும்பி என்னைப் பாத்து, 'கோணலா நிறுத்தியிருக்கே'ங்கிறாரு!"

எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். வெளியே நின்ற கார் இப்போதும் கோணலாகத்தான் நின்றிருந்தது. சைலன்சர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு நல்ல மனுஷனாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பலகைக்குப் போய், ஒரு புது வரி எழுதினார்: ஏழாம் நம்பர் பெட். அதற்கு எதிரே, யாரையும் கேட்காமல், ஐந்து.